சும்மா இராத கை

கல்யாண வீட்டுப் படக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு விரற்கடை சரிந்திருந்தால் போய் நிமிர்த்துவான். பெண்ணின் நாடியைத் தானே தொட்டுத் தூக்க முடியாது என்பதால் பக்கத்தில் நிற்கும் தோழியை ஏவுவான். அழுகிற குழந்தைக்குச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுவான். கண்டி நகரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, அடையாள அட்டைப் படத்தில் தொடங்கி அறுபதாம் கல்யாணம் வரைக்கும் எடுத்துப் பிழைக்கிறவன் நான். இருக்கிறதை இருக்கிறபடி எடுத்தால் வாடிக்கையாளர் முகத்தைச் சுளிப்பார் என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். அதைக் கடலுக்கு அடியிலும் கொண்டுபோனேன். அதனால் மீன்கள் பட்டது கொஞ்சம், முருகைக்கல் பட்டது கொஞ்சம், ஒரு பையன் பட்டது அதிகம். இவ்வளவு நாளும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மலைநாட்டானுக்குக் கடலில் என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓகஸ்ட் மாதம் என்றால் கண்டியில் எசல பெரஹரா. ஊர் நிறைந்து வழியும், கமரா வைத்திருப்பவனுக்கெல்லாம் அறுவடைக் காலம். ஆனால் கிழக்குக் கரையில் கடல் தெளிந்து கிடப்பதும் அதே மாதத்தில்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஹிக்கடுவைப் பக்கம் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், நிலாவெளியிலோ மே முதல் செப்டெம்பர் வரை அடிமணல் தெரியும். பெரஹராவைத் தம்பியின் தலையில் கட்டிவிட்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் ஏறிவிடுவேன். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று மலை இறங்கி, வெயில் ஏறி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது பிற்பகல் ஆகியிருக்கும்.

கண்டியை வளைத்துக்கொண்டு ஓடும் மகாவலியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. எங்கள் நகரத்துச் சாக்கடை மெத எல வழியாக அந்த ஆற்றில் விழுவதை நினைத்தால், கடலைப் பற்றிப் பெருமை பேசக் கண்டிக்காரனுக்கு வாய் கூச வேண்டும். எனக்குக் கூசியதில்லை. அதே கொட்டியாரத்தில்தான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுவரப்பட்டு ஏறக்குறைய இருபது வருடம் தப்ப முடியாமல் கிடந்தான். அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள், நான் எதிர்த்திசையில் நானாகவே ஓடினேன்.

நான் தங்கியது நிலாவெளிக் கடற்கரையில் சுழியோடிகளுக்கென்றே நடத்தப்படும் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். எனக்கு ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, நாளுக்கு இரண்டு சிலிண்டர் காற்று. பதிலுக்கு விருந்தினரைத் தண்ணீருக்கு அடியில் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், விற்கிற படத்தில் பாதிக் காசு எனக்கு. எழுத்தில் எதுவும் இல்லை.

விடியுமுன்னே பின்பக்கக் கொட்டிலில் கொம்பிரசர் உறுமத் தொடங்கிவிடும். அதுதான் எங்களுக்குச் சேவல். சிலிண்டர் ஒவ்வொன்றும் 200 பார் வரை ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் உருக்கு சுடும், சூடு ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும், விருந்தினர் முள்ளைப் பார்த்துவிட்டு முணுமுணுப்பார். ஆகையால் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறுதலாக ஏற்றுவார்கள். நேற்றைய ரப்பர் உடைகள் கொடியில் ஒரு மாதிரி நாற்றத்தோடு தொங்கும். தேநீர் குடித்து, யார் யாரோடு இறங்குவது என்று வெள்ளைப் பலகையில் பெயர் எழுதி, படகைத் தோள்கொடுத்து அலையில் தள்ளும்போது ஏழு மணி. கச்சான் எழும்புமுன் போய்த் திரும்பிவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றில் படகு கரைக்கு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

பின்னேரம் என் வேலை. விருந்தினர் சாய்கதிரையில் படுத்திருக்க, நான் வராந்தா மூலையில் கமராவின் நீர்புகா உறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அதன் வாயைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங் என்போம். அதைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுத்து, இரண்டு விரலுக்கு இடையில் மெதுவாக உருவ வேண்டும். விரல் நுனிக்குக் கண்ணை விடக் கூர்மை உண்டு, ஒரு மணல் பருக்கை இருந்தாலும் சொல்லிவிடும். பிறகு அரிசியளவு சிலிக்கன் கிரீஸ். கூடினால் தூசி ஒட்டும், குறைந்தால் வளையம் முறுகும். ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தால் போதும், பதினைந்து மீற்றரில் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து ஆறு மாதக் கல்யாண வருமானத்தைக் குடித்துவிடும். அந்த வளையத்துக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசியை நான் உயிருள்ள எதற்கும் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்றால், கடலுக்கு அடியில் படம் எடுப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தண்ணீர் ஒளியைத் தின்னும், அதிலும் சிவப்பைத்தான் முதலில் தின்னும். ஐந்தாறு மீற்றர் இறங்குமுன்னே சிவப்பு மங்கிவிடும். இன்னும் கீழே விரலில் கீறிக்கொண்டால் இரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். ஆகவே பிளாஷ் வேண்டும். பிளாஷ் அடித்தாலோ இடையில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்தது போல் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஒரே வழி, கிட்டப் போவது. உங்களுக்கும் மீனுக்கும் இடையில் தண்ணீர் எவ்வளவு குறைவோ படம் அவ்வளவு நல்லது. ஒரு மீற்றர் என்றால் பரவாயில்லை, அரை மீற்றர் என்றால் மிக நல்லது. ஆனால் எந்த மீனும் முன்பின் தெரியாதவனை அரை மீற்றருக்கு விடாது. காத்திருந்தால் விடும் என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். அசையாமல் ஒரே இடத்தில் இருபது நிமிடம் மிதந்தால் அதுவே வந்து பார்க்கும். ஆனால் ஒரு சிலிண்டரில் இருக்கும் காற்று ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு, கூடவே படம் கேட்டு நாலு விருந்தினர். காத்திருக்க நான் ஆள் இல்லை.

முதலில் இடுப்பில் ஈயம் கூட்டினேன். சுழியோடி மிதக்கவும் கூடாது, அமிழவும் கூடாது, நடுவில் நிற்க வேண்டும், அதற்கேற்ப ஈயக்கட்டியை அளந்து கட்டுவார்கள். படம் எடுக்கிறவனுக்கு ஆடாமல் இருக்க வேண்டுமே. நான் தேவைக்கு மேல் இரண்டு கிலோ கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் முழங்காலூன்றி உட்கார்ந்துவிடுவேன். அடி என்பது எப்போதும் மணல் அல்ல.

புறாமலை என்று ஊரார் சொல்லும் புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்கா. நூறு வகை முருகைக்கல், முன்னூறு வகை மீன் என்று கணக்குச் சொல்வார்கள். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கல் வெளுத்துச் செத்தபோது இந்தத் திட்டு பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. யுத்த காலத்தில் ஆள் நடமாட்டம் குறைந்ததால் கொஞ்சம் ஓய்வாகவும் இருந்திருக்கும். 2009க்குப் பிறகு பஸ் பஸ்ஸாக நாங்கள் வந்தோம். இடுப்பளவு தண்ணீரில் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று செல்பி எடுக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் நின்றது தெரியாமல். நான் உட்கார்ந்தது தெரிந்துகொண்டே.

மான்கொம்பு போல் கிளைவிடும் முருகை ஒடியும்போது தண்ணீருக்கு அடியில் நன்றாகக் கேட்கும். முறுக்கைக் கடித்தது மாதிரி ஒரு சத்தம். அந்த இனம் வருடத்துக்கு நாலு விரல் வளரும், மிஞ்சினாலும் ஒரு சாணைத் தாண்டாது. உருண்டைப் பாறை மாதிரி வளரும் இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தால் பெரிது. என் முழங்காலுக்கடியில் அந்தச் சத்தம் கேட்ட முதல் தடவை திடுக்கிட்டேன். பிறகு காது பழகிவிட்டது. ஒருமுறை, சட்டகத்துக்குள் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையைக் கையாலேயே ஒடித்து ஒதுக்கினேன். ஸ்டூடியோவில் பின்திரைக்கு முன் கிடக்கும் செருப்பை எடுத்து அப்பால் போடுவோமே, அந்த நினைப்பில்தான். தேசியப் பூங்காவுக்குள் அது குற்றம், சட்டப்படியே குற்றம். ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்தது பேத்தை. கிழக்குக் கரைச் சிறுவர்களுக்கு இதைத் தெரியாமல் இருக்காது; வலையில் அகப்பட்டால் வயிற்றைச் சொறிந்து பந்தாக்கி உதைத்து விளையாடுவார்கள், விஷமென்பதால் வீட்டில் யாரும் சமைக்க மாட்டார்கள். நாய்முகம், பெரிய கண், எப்போதும் எதையோ கேட்கப்போவது போன்ற வாய். மெதுவாகத்தான் நீந்தும், துரத்தினால் கைக்குள் வந்துவிடும். பிடித்து நெருக்கினால் தண்ணீரை விழுங்கி விழுங்கி உருண்டையாகிவிடும். படத்துக்கு அதைப்போல் ஒரு பொருள் கிடைக்காது: உருண்டை, கண், வாய், ஓட முடியாத நிலை.

எனக்கு இரண்டு கையும் கமராவுக்கு வேண்டும். பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த விடுதியில் சிலிண்டர் நிரப்பிக்கொண்டும் விருந்தினருக்குக் கடலுக்கடியில் வழிகாட்டிக்கொண்டும் ஒரு பையன் இருந்தான். இறக்கக்கண்டிப் பக்கம். எங்கள் படகோட்டியின் மருமகன். இருபது வயது வந்திருக்காது. அவனைப்போல் தண்ணீரில் கிடக்கிறவனை நான் பார்த்ததில்லை. துடுப்புக்காலை அசைக்காமலே முருகைக்கல்லுக்கு ஒரு சாண் மேலே நிற்பான். எதையும் தொடமாட்டான். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல, சிறுவயதிலிருந்து கடலில் இறங்கினவனுக்கு இயல்பாகவே எதையும் தொடப் பயம் உண்டு; தொட்டால் குத்துகிறவை அங்கே ஏராளம். அந்தப் பையனிடம் கையுறை ஒன்றைக் கொடுத்து, பேத்தையைப் பிடித்துத் தரச் சொன்னவன் நான். முதல் தடவை தயங்கினான். படகில் ஏறியதும் நூறு ரூபாய்த் தாள்கள் சில கொடுத்தேன். அடுத்த தடவை தயங்கவில்லை. எப்படி நெருக்கினால் சீக்கிரம் ஊதும், எந்தப் பக்கம் விட்டால் கண் கமராவைப் பார்க்கும், விட்டதும் எவ்வளவு வேகமாகச் சட்டகத்தைவிட்டு நழுவ வேண்டும் என்றெல்லாம் பழக்கியெடுத்தேன். கல்யாண வீட்டில் லைட் பிடிக்கிற பையனைப் பழக்குகிற மாதிரியே.

படகோட்டியைக் கண்டிப் பழக்கத்தில் நானா என்றே கூப்பிடுவேன். அங்கே காக்கா என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு அதற்கும் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் மேற்பரப்புக்குக் கிட்ட வைத்து இந்த வேலை செய்துகொண்டிருந்ததைப் படகிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

“பயத்துல ஊதுது தம்பி அது. உடுங்க அத.”

“ஒண்ணும் ஆகாது நானா, இந்தா விட்டாச்சி” என்றேன்.

விட்டோம். அது சுருங்க முடியாமல் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் உருண்டுகொண்டே போனது. நான் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் குவியம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்திருந்தது.

அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. ‘பேத்தை, இயற்கை வாழிடத்தில், நிலாவெளி’ என்று தலைப்பெழுதிக் கொடுத்தவன் நான். அந்த வரியில் ‘பேத்தை’யும் ‘நிலாவெளி’யும் உண்மை. மிருகத்தைத் தொந்தரவு செய்து எடுத்ததாகத் தெரிந்தால் படத்தைத் தள்ளிவிடுவோம் என்று இப்போது பல போட்டிகளின் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் போட்டியின் படிவத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மனசு உறுத்தும்போது சமாதானத்துக்கு ஆட்களைத் துணைக்கழைப்பேன். கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து எடுத்து 1956இல் கான் விழாவின் மிகப் பெரிய பரிசை வாங்கிய கடல் படத்திலேயே, மீனைக் கணக்கெடுக்க முருகைத் திட்டுக்கு வெடி வைக்கிறார்கள், சுறாக்களைக் கொக்கியால் இழுத்துக் கோடரியால் கொத்துகிறார்கள், ஆமையின் முதுகில் ஒருவர் ஏறி உட்காருகிறார். அதே 1956இல்தான் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். அவரும் மைக் வில்சனும் ரொட்னி ஜொங்க்ளாஸும் கமராவும் ஈட்டித் துப்பாக்கியுமாகத்தான் நம் கடலில் இறங்கினார்கள். கோணேசர் மலையடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோயில் தூண்களை வில்சன் கண்டது அந்தக் காலத்தில். 1961இல் கிரேட் பாசஸ் பாறைத் திட்டில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயம் மூட்டை மூட்டையாக அவர் கண்ணில் பட்டது. அடுத்த வருடமே ‘ரன் முத்து தூவ’ எடுத்து முதல் வர்ணச் சிங்களப் படமாக வெளியிட்டார், கடலுக்கடிக் காட்சிகளோடு. ஜொங்க்ளாஸ் ஈட்டியில் பேர்போனவர், அலங்கார மீன் பிடித்து ஏற்றுமதி செய்தவர், அவர் பெயரில் நம் நாட்டு ஓடை மீன் ஒன்றே இருக்கிறது. இவ்வளவு பெரியவர்கள் செய்யாததையா நான் செய்துவிட்டேன்?

செய்துவிட்டேன். அவர்கள் குத்திய மீனைக் குத்தியதாகவே எழுதினார்கள், ஈட்டியோடு நின்றே படம் எடுத்துக்கொண்டார்கள். கூஸ்தோவின் வெடியும் கோடரியும் படத்திலேயே இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். என் படத்தில் அந்தப் பையனின் கை இல்லை. அரை வினாடிக்கு முன் அது சட்டகத்துக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கத்தான் அத்தனை ஒத்திகையும்.

பரிசுக்குப் பிறகு கண்டியில் எனக்குப் புதுப் பெயர் வந்தது. மீன் படக்காரர். பாடசாலைகளில் கூப்பிட்டார்கள். இருட்டாக்கிய மண்டபத்தில் புரொஜெக்டரைப் போட்டு, டைனமைட் வைத்து மீன் பிடிக்கிறவர்களைத் திட்டினேன், முருகைக்கல்லில் ஏறி நிற்கும் சுற்றுலாப் பயணிகளைத் திட்டினேன். “கடலில் எதையும் தொடாதீர்கள், படத்தை மட்டும் எடுத்து வாருங்கள்” என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். மலைநாட்டுப் பிள்ளைகள், பலர் கடலையே ஒரு தடவைதான் பார்த்திருப்பார்கள். ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, “சேர், அது ஏன் ஊதியிருக்கு? பக்கத்தில சுறா வந்திச்சா?” என்று கேட்டாள். எதிரி வந்தால் அப்படித்தான் செய்யும் என்றேன். பொய்யும் சொல்லவில்லை, எதிரி யாரென்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் என் வாயில் அவ்வளவு சரளமாக வந்ததுதான் இன்று என்னை அதிகம் உறுத்துகிறது.

அடுத்த பருவத்தில் நிலாவெளிக்குப் போனபோது எல்லோரிடமும் நீர்புகாப் பையில் போட்ட கைத்தொலைபேசி. படத்துக்கு நான் தேவையில்லை, ஆனால் படத்தில் வைக்க ஏதாவது தேவை. பையன் அதைக் கண்டுகொண்டிருந்தான். காலையில் இறங்கியதும் ஒரு பேத்தையைப் பிடித்து, ஊதவைத்து, வரிசையில் நின்ற விருந்தினர் கையில் ஒவ்வொருவராகக் கொடுத்தான். சுருங்கினால் மறுபடி நெருக்கினான். மேலே வந்ததும் டிப்ஸ். அவனுடைய விரல்கள் இயங்கிய விதம் எனக்குத் தெரிந்த விதம், நான் பழக்கியது. அவனைத் தனியே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என்ன முகத்தோடு சொல்வது என்று நினைத்துக்கொண்டு, லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெளிநாட்டுப் பெண்மணி சொன்னார். எனக்கல்ல, விடுதி உரிமையாளருக்கு. பையன் மீனை நெருக்குவதை வீடியோ எடுத்துக் காட்டி, இப்படி ஓர் இடத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். உரிமையாளர் தெற்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. பையனுக்குச் சிங்களம் பேச வராது. இருவருக்கும் நடுவில் பேசுவதற்கு அந்த விடுதியில் எப்போதும் கூப்பிடப்படுகிறவன் நான். கண்டியில் வளர்ந்தவனுக்கு இரண்டு மொழியும் தாய்ப்பால் மாதிரி. அன்றும் கூப்பிட்டார்கள். கொம்பிரசர்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றோம்.

ஏன் செய்தாய் என்று உரிமையாளர் கேட்டார். தமிழில் சொன்னேன். பையன் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னான்:

“இது பிழையென்டு எனக்குத் தெரியாது சேர். இந்த அண்ணன்தான் புடிச்சுத் தரச் சொன்னாரு. அவர்ட படத்துக்குத்தான் மொதல்ல புடிச்சன்.”

என்ன சொல்கிறான் என்று உரிமையாளர் என் பக்கம் திரும்பினார்.

தெரியாமல் செய்துவிட்டானாம், மன்னிக்கட்டாம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

நடுவில் இருந்த வசனங்களை விழுங்கிவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. சட்டகத்துக்குள் வந்த கையை வெளியே எடுத்த அதே பழக்கம்தான். பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிங்களம் பேசத்தான் வராது, கேட்டால் நன்றாக விளங்கும். பருவம் முழுக்கத் தென்னிலங்கை விருந்தினரோடு கடலில் கிடக்கிறவனுக்கு விளங்காமல் எப்படி இருக்கும்? என் பொய்யைத் திருத்தும் அளவுக்கு அவனிடம் அந்த மொழி இல்லை. அல்லது திருத்த விரும்பவில்லை. கணக்கு முடித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அன்று காலையில் இரண்டு தடவை இறங்கியிருந்தேன். அதே மாலை பஸ் ஏறிவிட்டேன். சுழியோடியவன் அப்படி மலை ஏறக்கூடாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும். தொடர்ந்து இறங்கியவன் விமானம் ஏறப் பதினெட்டு மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும், 300 மீற்றருக்கு மேற்பட்ட மலைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். கண்டி 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் ஒரு முழுநாள் கடற்கரையில் சும்மா கிடந்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று அந்தப் பையனின் மாமனை மறுநாள் காலையில் படகில் பார்க்க வேண்டி வருமே என்ற நினைப்பில் ஓடினேன். மாத்தளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வலது தோளில் வலி. நைதரசன் குமிழிதான், கை விளங்காமல் போகப்போகிறது என்று வியர்த்துவிட்டது. கமராப் பையைத் தோள் மாற்றியதும் வலி குறைந்தது. என் உடம்பைப் பற்றி அவ்வளவு பயந்தேனே தவிர, அந்த ஆறு மணி நேரத்தில் பையனைப் பற்றி நினைத்ததாக ஞாபகம் இல்லை.

பேத்தை ஒருமுறை ஊதிச் சுருங்கியபின் அதன் மூச்சு பழைய நிலைக்குத் திரும்ப சராசரியாக ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல் ஆகிறது என்று ஆஸ்திரேலியாவில் அளந்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதைப் பிற்பாடு படித்தேன். ஒரே மீனைக் காலையில் வரிசையாக எத்தனை பேர் கையில் கொடுத்தோம் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன். இப்போதும் கடலில் இறங்குகிறேன். ஈயத்தைக் குறைத்துவிட்டேன், காத்திருக்கப் பழகியிருக்கிறேன், படங்கள் முன்னளவுக்கு விற்பதில்லை. இதைச் சொல்வது பாவம் கழிந்தது என்று காட்ட அல்ல. மீன் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. மற்றதுதான் முடியவில்லை.

பையன் இப்போது குச்சவெளிப் பக்கம் கரைவலை இழுக்கப் போகிறான் என்று நானா சொன்னார். அவர் என்னோடு முன்போலத்தான் பேசுகிறார். மருமகன் அவரிடம் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியும் காட்டிக்கொள்ளவில்லையோ, தெரியாது. ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன் கடித உறை ஒன்றில் பணம் வைத்து, பையனிடம் கொடுக்கச் சொன்னேன்.

“என்னத்துக்கு தம்பி?”

“பெருநாளைக்குத்தான் நானா. நல்லா வேலை செஞ்ச பையன்.”

வாங்கிக்கொண்டார். பணம் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை.

அந்தப் படம் ஸ்டூடியோவில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. இறக்கிவிட்டால் ஏன் என்று தம்பி கேட்பான். போன மாதம் புதுவீடு கட்டிய ஒருவர் வரவேற்பறைக்கு ஒரு பெரிய பிரதி கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன், காசும் வாங்கினேன்.

மே மாதம் வந்துவிடுங்கள் என்று விடுதி உரிமையாளர் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த எழுத்தை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவது என்று முதலில் நினைத்திருந்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்து சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான்தான். அது தெரிந்துதான் தமிழில் எழுதத் துணிந்தேனா என்று என் மனைவி கேட்கிறாள்.